அரை ஸ்வரம் கீழே

செப்டம்பர் 23, சனி

இன்று நான் சொல்லாமல் விட்டது: "செல்வின், உங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்கேல். மற்றதையெல்லாம் அந்தப் பட்டன்தான் வாசிக்கிறது."

நாக்கு நுனி வரை வந்தது. சர்ச் பாடகர் குழுவில் பதினெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். பதினாறு பேருக்கு நான் சொல்வது புரியாது. மீதி இரண்டு பேர் செல்வினுக்குச் சொந்தக்காரர்கள். விழுங்கிவிட்டேன்.

பட்டன் என்றால் கீபோர்டில் இருக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டன். ஒரு தட்டுத் தட்டினால் கீபோர்டு முழுவதும் அரை ஸ்வரம் மேலே போய்விடும். வாசிப்பவர் வெள்ளைக் கட்டைகளிலேயே சி மேஜரை வாசித்துக்கொண்டிருக்கலாம். கேட்பவர்களுக்கு வேறு ஸ்கேல் கேட்கும். பாளையங்கோட்டையில் கல்யாணக் கச்சேரி வாசிக்கிற பாதிப்பேர் இப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள். செல்வினுக்குப் பிழைப்பு இன்வெர்ட்டர் பேட்டரிக் கடையில். ஞாயிற்றுக்கிழமைகளில் கலைஞர்.

இதுவரை வாசித்துவந்த ராஜாபாய் டீச்சர் மகனோடு பெங்களூர் போனதிலிருந்து ஆலயத்துப் பியானோ சும்மா கிடக்கிறது. நவம்பர் ஐந்தாம் தேதி ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நான் பியானோ, செல்வின் கீபோர்டு. அதற்குப் பிறகு ஒருவர் போதும், யார் என்று கமிட்டி சொல்லும் என்றார் குழுத் தலைவர் தங்கதுரை சார். சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்திலேயே, "அதுவரைக்கும் செல்வினுக்குக் கார்டெல்லாம் பேரு சொல்லிக் குடுத்துருமா. எழுதிக் குடுத்தா முழிக்கான்" என்றார்.

போட்டியாளருக்கு நானே பாடம் எடுக்க வேண்டும். சரி என்றேன். பயப்பட என்ன இருக்கிறது?

செப்டம்பர் 30, சனி

முதல் பாடம். மூன்று ஸ்வரம் சேர்ந்தால் கார்டு. அடி ஸ்வரம், அதிலிருந்து மூன்றாவது, ஐந்தாவது. நடுவில் இருப்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கிறது. அதை அரை ஸ்வரம் இறக்கினால் மேஜர் மைனராகிவிடும். அடியும் உச்சியும் அசைவதே இல்லை. நடுவில் ஒன்று லேசாகத் தளர்ந்ததும் மொத்த முகமும் வாடிப்போகிறது. பதினாறு வயதில் இதை ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு அன்று முழுவதும் யாரோடும் பேசாமல் இருந்தேன்.

செல்வினுக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை.

"இதுவா டீச்சர்? இத நாங்க அழுகைக் கார்டும்போம்."

"பெயர் மைனர்."

"சரி, மைனர். அழுகுத மைனர்."

என்னைவிட இரண்டு வயது இளையவன். அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். டீச்சர் என்கிறான், உதட்டோரச் சிரிப்போடு.

வீட்டுப்பாடம்: பன்னிரண்டு ஸ்கேலிலும் எல்லாக் கார்டுகளையும் கையால் எழுதி, பட்டனைத் தொடாமல் வாசித்துப் பழக வேண்டும். செய்யமாட்டான்.

அக்டோபர் 3, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்தில் வரலாற்று அடுக்கு முழுவதும் தூசி தட்டினேன். மாணவர்கள் யாரும் தொடாத அடுக்கு என்பதால் நான் வைத்த இடத்திலேயே எல்லாம் இருந்தது.

அக்டோபர் 7, சனி

டாமினன்ட் செவன்த். அந்தக் கார்டைக் கேட்டால் அடுத்து எங்கே போக வேண்டும் என்று காதுக்கே தெரிந்துவிடும். அதுவரை இருப்புக் கொள்ளாது. இதற்கு செல்வின் அகராதியில் 'வீட்டுக்குப் போற கார்டு' என்று பெயர். டிமினிஷ்டு கார்டுக்கு 'போலீஸ் வார கார்டு.'

"ஏன் போலீஸ்?"

"படத்துல ஜீப் வந்து நிக்கும்லா, அப்ப இதத்தான் போடுவாவ."

தணிந்த பெண்குரலான ஆல்ட்டோ வரிசையில் பாடும் கிருபாவதி அக்கா பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பல்லி ஒன்று சுவரிலிருந்து விழுந்தது. முந்நூறு வருட ஐரோப்பிய இசைச் சிந்தனை இந்த இடத்தில் வந்து நிற்கிறது.

பண்டிகைப் பாட்டு டி மேஜரில் இருந்தது. உச்சக்குரல் பாடும் சோப்ரானோக்களுக்கு எட்டவில்லை என்பதால் அரை ஸ்வரம் இறக்கி டி ஃப்ளாட் ஆக்கிவிட்டார் தங்கதுரை சார். ஐந்து கறுப்புக் கட்டைகள். எனக்குப் பிடித்த ஸ்கேல். செல்வின் பட்டனை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வெள்ளையிலேயே வாசித்தான்.

அக்டோபர் 10, செவ்வாய்

காலையில் எழுந்தபோது வலது காது அடைத்திருந்தது. நேற்றுத் தலைக்குக் குளித்த தண்ணீர். பக்கத்து வீட்டு மோட்டார் விடியற்காலையிலிருந்து ரீங்கரித்துக்கொண்டே இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் நிறுத்த வேண்டும் என்பதைக்கூட அவர்களுக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டும் போல.

அம்மா பூண்டு போட்டு எண்ணெய் காய்ச்சினாள். "ஏட்டி, ரெண்டு சொட்டு விட்டாச் சரியாயிரும். படிச்ச திமிரு, காதக் காட்ட மாட்டேங்கா." காட்டவில்லை.

அக்டோபர் 12, வியாழன்

மோட்டார் நிற்கவில்லை. அம்மா போய்க் கேட்டுவிட்டு வந்தாள். திங்கட்கிழமையே எரிந்து போய் மோட்டாரைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்களாம். மனிதர்கள் எவ்வளவு சுலபமாகப் பொய் சொல்கிறார்கள்.

அக்டோபர் 14, சனி

பியானோவை யாரோ கெடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்வரமாகத் தட்டினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். கார்டாக வாசித்தால் சகிக்கவில்லை. இரண்டு பியானோவை ஒன்றாக வாசிப்பதுபோல் இருக்கிறது, அதில் ஒன்று சற்றுக் கீழே. சி மேஜர் கேட்டால் சாக்கடைத் தண்ணீரில் முகம் பார்ப்பதுபோல் கலங்குகிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் குத்தியிருப்பார்கள்.

செல்வினிடம் சொன்னேன். உட்கார்ந்து நான்கைந்து கார்டு வாசித்துப் பார்த்தான்.

"நல்லாத்தான இருக்கு டீச்சர்."

"இது நல்லா இருக்கிறதா?"

"ஆமா. சுத்தமா இருக்கு."

தங்கதுரை சாரும் நன்றாக இருக்கிறது என்றார். இத்தனை பேர் கூடிப் பாடுகிற இடத்தில் ஒருவருக்குக்கூடக் காது இல்லை. மதுரையிலிருந்து சுருதி சேர்க்கும் ட்யூனரை வரச் சொல்லியே ஆக வேண்டும் என்று நின்றேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

ட்யூனர் வந்தார். பெயர் லூர்துசாமி, அறுபது வயது, சட்டைப் பையில் சுருதி பார்க்கும் ட்யூனிங் ஃபோர்க். ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட்ல நான் வச்சது அப்படியே நிக்குது. இதுல நான் தொட்டா இருக்கதும் போயிரும்மா" என்றார்.

நான் ஒரு கார்டை அழுத்தி, "இது?" என்றேன்.

"தங்கம்" என்றார்.

ஃபோர்க்கைத் தட்டி என் இடது காதருகே பிடித்தார், பிறகு வலது காதருகே. இரண்டு முறையும் என் முகத்தையே பார்த்தார். "எப்ப இருந்து?" என்று கேட்டார். "பியானோவா? போன வாரத்திலிருந்து" என்றேன். ஃபோர்க்கைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினார். முதுமை காதிலிருந்துதான் தொடங்குகிறது. தொழிலை விட்டுவிடலாம்.

அக்டோபர் 21, சனி

பாடம். செல்வின் எப்போதும் எனக்கு வலப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்காருவான். இன்று வந்ததும் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு இடப்பக்கம் வந்துவிட்டான். மின்விசிறிக் காற்று அங்கே நன்றாக வருமாக இருக்கும்.

வீட்டுப்பாட நோட்டைக் கொண்டுவந்திருந்தான். பழைய வாரன்ட்டி அட்டைகளைத் தைத்துச் செய்த நோட்டு. பன்னிரண்டு ஸ்கேலும் எழுதியிருந்தான். எங்கேயாவது பார்த்து எழுதியிருப்பான். படிக்காமலே டிக் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

பிறகு ஒரு விளையாட்டு வேண்டுமென்றான். நான் திரும்பி நிற்க வேண்டும். அவன் கார்டு வாசிப்பான். மேஜரா மைனரா என்று நான் சொல்ல வேண்டும். மாணவன் ஆசிரியரைச் சோதிக்கும் புதுக் கல்விமுறை. பத்தில் நான்கு தப்பு என்றான். பியானோ கெட்டிருக்கும்போது யாருக்குத்தான் சரியாக வரும் என்றேன். அவன் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பவன்.

அக்டோபர் 24, செவ்வாய்

செல்வின் நூலகத்துக்கே வந்துவிட்டான். கடைச் சட்டை, கையில் ஆசிடு பட்ட தழும்பு. காவலாளி அவனை உள்ளே விட யோசித்ததைப் பார்த்தேன். நான் எழுந்து போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. காது டாக்டரப் பாருங்க."

"எதற்கு?"

"வலது பக்கம் நின்னு பேசுனா நீங்க திரும்புதது இல்ல. எங்க சித்தப்பாக்கு இப்படித்தான், ஒரு நாள் காலைல அடச்சிக்கிட்டு. சளின்னு ஒரு மாசம் விட்டுட்டாவ. இப்ப அந்தப் பக்கம் வெடி வெடிச்சாலும் தெரியாது. சீக்கிரம் போனா மாத்திரைலயே சரி பண்ணிருவாவளாம்."

பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதன் பிறகு கமிட்டி முடிவு. பியானோ வாசிக்கிற பெண்ணுக்குக் காது சரியில்லை என்று ஊரில் ஒரு பேச்சுக் கிளம்பினால் யாருக்கு லாபம்? இவ்வளவு கெட்டிக்காரத்தனம் அவனிடம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்றேன். அந்த வாக்கியத்தை எவ்வளவு குளிர்ச்சியாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு குளிர்ச்சியாகச் சொன்னேன்.

அக்டோபர் 28, சனி

நூலக ஏணியில் தலை சுற்றி இரண்டு படி சறுக்கினேன். காலையில் சாப்பிடவில்லை. அந்த ஏணியும் ஆட்டம்.

அம்மா: "ஏட்டி, போன எதுக்கு எடது பக்கம் வச்சிப் பேசுத? நீ வலது பக்கம்லா வைப்ப."

நான்: "கம்மல் இடிக்கிறது."

அம்மா: "கம்மல் ரெண்டு காதுலயுந்தான கெடக்கு."

இன்று பாடத்துக்குப் போகவில்லை. செல்வினுக்கு இனி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை.

நவம்பர் 4, சனி

கடைசி ஒத்திகை. முதல் சரணம் பியானோ மட்டும். இரண்டாம் சரணத்தில் கீபோர்டு சேரும். பிளக் பாயின்ட் அந்தப் பக்கம்தான் என்பதால் கீபோர்டு ஸ்டாண்டு எனக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரம். நான் இப்போது காதை நம்பி வாசிப்பதில்லை. கண்ணையும் விரலையும் நம்பி வாசிக்கிறேன். விரல்கள் ஒரு முறையும் தவறவில்லை.

நடுவில் கரண்ட் போய்விட்டு வந்தது. கீபோர்டு அணைந்து எரிந்தால் ட்ரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். செல்வின் கவனிக்காமல் இரண்டாம் சரணத்தில் சி மேஜரில் நுழைந்தான். குழு டி ஃப்ளாட்டில், இவன் அரை ஸ்வரம் கீழே. ஓடுகிற பஸ்ஸின் அடியில் தகரம் இழுபடுவதுபோல் ஒரு சத்தம். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நாளைக்கு மானத்த வாங்கிராதடே" என்றார் தங்கதுரை சார்.

நான் சிரிக்கவில்லை. பட்டனை நம்பினால் இதுதான் கதி என்று அவன் காதில் விழுகிற மாதிரி சொன்னேன். முதல் நாள் விழுங்கியதை இன்று சொல்லியாகிவிட்டது.

நவம்பர் 5, ஞாயிறு. பிரதிஷ்டைப் பண்டிகை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆராதனைக்குக் கூட்டம் வாசல் வரை. பின்பக்கம் அசன விருந்துக்குச் சாம்பார் கொதிக்கும் வாசனை உள்ளே வரைக்கும் வந்தது. நான் பியானோவில் உட்கார்ந்து நோட்டை விரித்தபோது செல்வின் வலப்பக்கம் நின்று வயர்களை மாட்டிக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. எதையாவது முணுமுணுப்பது அவன் வழக்கம்.

முதல் சரணம் குறையில்லாமல் முடிந்தது. இரண்டாம் சரணத்துக்கு முந்தைய இரண்டு தாள வட்டத்தில் விசிறிகள் நின்றன, விளக்குகள் அணைந்தன, உடனே திரும்ப வந்தன. கரண்ட் போய் வந்துவிட்டது. அவன் பட்டனைத் தொடுகிறானா என்று பார்த்தேன். தொடவில்லை. இரண்டு கைகளையும் கட்டைகள் மேல் வைத்துக்கொண்டு குழுவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கீபோர்டு நுழைந்தது. என் காதில் அது அரை ஸ்வரம் கீழே இருந்தது. சந்தேகமே இல்லாமல் கீழே இருந்தது. நேற்றுக் கேட்ட அதே தகரச் சத்தம்.

இடது கையால் கார்டைப் பிடித்துக்கொண்டு வலது கையை நீட்டிப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினேன்.

செல்வின் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுத்த கார்டில் சோப்ரானோக்கள் கீபோர்டோடு மேலே போனார்கள், பேஸ் பாடும் ஆண்கள் வரிசை பியானோவோடு கீழேயே நின்றது, ஆல்ட்டோக்கள் பாடுவதை நிறுத்திவிட்டார்கள். முன் பெஞ்சிலிருந்த போதகர் மனைவி ஐயரம்மா நிமிர்ந்தார்கள். முந்நூறு பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள். எனக்கு மட்டும் முன்பு இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டு தாள வட்டம். அவ்வளவுதான் நீடித்தது. செல்வின் கையை எடுக்கவில்லை, பட்டனைத் தொடவில்லை. விரல்கள் அப்படியே கீழே நகர்ந்து கறுப்புக் கட்டைகளில் ஏறின. பி மேஜர். ஐந்து கறுப்பு. அவன் தட்டியது ஒன்று, நான் தட்டியது ஒன்று, இரண்டு தட்டு ஏற்றப்பட்ட கீபோர்டில் பி வாசித்தால் டி ஃப்ளாட். இந்தக் கணக்கைப் போட எனக்குக் காகிதம் வேண்டும். அவன் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே போட்டு, மீதிச் சரணத்தையும், கடைசிச் சரணத்தையும், ஆமென் வரைக்கும் கறுப்பிலேயே வாசித்தான். சோப்ரானோக்கள் திரும்பி வந்தார்கள். கிருபாவதி அக்கா கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் தங்கதுரை சார் நேராக வந்தார். "என்னல செஞ்ச? நேத்துத்தான சொன்னேன்?"

"இன்வெர்ட்டர் வயரு லூஸா இருந்திருக்கு சார். கரண்ட் போகவும் ரீசெட் ஆயிட்டு."

"இன்வெர்ட்டரா? எப்பக் கொண்டாந்த?"

"காலைல. கடைல இருந்து. நேத்து மாதிரி ஆயிரக் கூடாதுன்னு."

அவர் போன பிறகு செல்வின் வயரைச் சுருட்டியபடி, இடப்பக்கம் வந்து நின்று சொன்னான்: "காலைலயே உங்கட்ட சொன்னேன் டீச்சர், இன்வெர்ட்டர் போட்டிருக்கு, கரண்ட் போனாலும் கீபோர்டு அணையாது, பயப்படாதீங்கன்னு. நீங்க நோட்டத் திருப்பிட்டு இருந்தீங்க."

"பட்டனையே திரும்பத் தட்டியிருக்கலாமே" என்றேன்.

"கைய எடுத்தாப் பாட்டு விழுந்திரும்லா."

அசனத்துக்கு நான் உட்காரவில்லை.

நவம்பர் 6, திங்கள்

கமிட்டி கூடியது. ஒரு முழு வரி கெட்டுப்போனதற்குக் கீபோர்டு காரணம் என்பதால், டிசம்பர் மூன்றாம் தேதி, அட்வென்ட் முதல் ஞாயிறிலிருந்து பியானோ எனக்கு. போதகர் ஐயர் போன் செய்து வாழ்த்துச் சொன்னார். நன்றி என்றேன்.

நவம்பர் 7, செவ்வாய்

ஹைகிரவுண்டுப் பக்கம் ஒரு காது டாக்டர். கண்ணாடி அறை, காதில் ஹெட்ஃபோன், சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இடது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். வலது காதுக்கு மாறியதும் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கருவி பழுது என்று நினைத்தேன். வெளியே உட்கார்ந்திருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு கோடு நேராகப் போகிறது, மற்றொன்று பாதியில் சரிகிறது. நரம்பில் ஏற்பட்ட பாதிப்பு, காரணம் பெரும்பாலும் தெரியாது என்றார். ஒரே ஸ்வரம் இரண்டு காதிலும் இரண்டு உயரத்தில் கேட்பதும், ரீங்காரமும், தலைசுற்றலும் அதைச் சேர்ந்தவையே.

"எப்ப ஆரம்பிச்சது?"

"பத்தாம் தேதி."

"அக்டோபரா? நாலு வாரம் ஆயிட்டே. மொத ரெண்டு வாரத்துல வந்திருந்தா ஸ்டீராய்டு நல்லா வேல செஞ்சிருக்கும். இப்பவும் குடுத்துப் பாப்போம். உங்கட்ட யாருமே சொல்லலியா?"

பூண்டு எண்ணெயோடு அம்மா, ஃபோர்க்கோடு லூர்துசாமி, இரண்டு வாரம் முடிகிற அன்றைக்கு நூலகத்துக்கே நடந்து வந்த செல்வின். மூன்று பேர். "இல்லை" என்றேன். அதுவும் பொய்.

நவம்பர் 8, புதன்

தங்கதுரை சார் வீட்டுக்குப் போனேன். வயர் லூஸாக இல்லை, பட்டனைத் தட்டியது நான், எனக்கு வலது காது கேட்கவில்லை என்று மூன்று வாக்கியம் சொன்னேன். அவர், "டீ குடிக்கியாம்மா?" என்றார். குடித்தேன். இவ்வளவு மோசமான டீயை வேறு யார் வீட்டிலும் குடித்ததில்லை.

டிசம்பர் 3, ஞாயிறு

மாத்திரை முடிந்தது, காதுக்குள் போட்ட ஊசிகளும் முடிந்தன. வலது காது திரும்பவில்லை. இன்று முதல் ஆலயத்துப் பியானோவில் செல்வின் வாசிக்கிறான். நான் ஆல்ட்டோவில் பாடுகிறேன். வரிசையின் வலது ஓரத்தில் எனக்கு இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே நின்றால் மற்ற எல்லோரும் எனக்கு இடப்பக்கம் வருவார்கள்.